கையால் எழுதும் நாலு வரி உறவை வளர்க்குமா?

கேள்வி: தொழிலிலும் குடும்பத்திலும் உறவை உறுதியாக்க, கைப்பட எழுதும் குறிப்புகள் உண்மையில் உதவுகின்றனவா?

உதவுகின்றன. காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் வார்க்கும் சிறிய பட்டறை நடத்துகிறேன். அங்கே கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் தரைக்கல் கண்ணாடிமேல் பிறப்பது. அச்சை வைத்து வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்போம். சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூருக்குப் போன லோடில் நாற்பது கல் மூலை உடைந்து போய்ச் சேர்ந்தது. வீட்டுக்காரர் தொலைபேசியில் கொதித்துவிட்டார். அவர் கோபம் நியாயமானது. சரியாகக் காயாத கல்லை அவசரத்தில் ஏற்றியது நாங்கள்தான். மாற்றுக் கல் அனுப்பியபோது, நடந்ததை மறைக்காமல் ஒரு தாளில் எழுதி வைத்தேன். அவர் வீட்டுக் கூடத்துக்கு அவரே தேர்ந்தெடுத்த பச்சை நிறம் எவ்வளவு நன்றாக அமைந்தது என்பதையும், ஆசிட் பட்டால் சிமெண்ட் அரித்து நிறம் மங்கிவிடும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும் என்பதையும் சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. புகார் இல்லை, எண்ணெயை வாரம் ஒருமுறை தொடலாமா என்று கேட்டிருந்தார். இன்றும் எழுதிக்கொள்கிறோம்.

அதற்கு முன் ஒவ்வொரு லோடிலும் இதே ஆசிட், எண்ணெய்க் குறிப்பை அச்சடித்துத்தான் வைத்தோம். ஒருவர்கூடப் படித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பழக்கத்தின் வேர் எங்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர்; வியாபாரத்துக்குக் கடல் கடந்து போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் கடிதங்கள் தலையில் பிள்ளையார் சுழி, சிவமயம். அதன் கீழே முழுப் பக்கமும் வரவு செலவு. அடியில் மட்டும், "ஊருணி நிறைந்ததா? எழுதவும்." 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும் கடிதம் நின்றுபோனது. கடைசியாக வந்ததை அப்பத்தா எத்தனை முறை பிரித்தாரோ, மடிப்பெல்லாம் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறார். கணக்கு வரிகளுக்காக யாரும் அப்படி ஒட்டமாட்டார்கள்.

ஆகவே நான் எழுதும்போது பார்ப்பது ஒன்றுதான்: பெயரை மாற்றி வேறொருவருக்கும் அனுப்ப முடிகிற குறிப்பு என்றால் கிழித்துவிடுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கலாம். அஞ்சலட்டை ஐம்பது காசுதான், செலவும் இல்லை. ஆனால் நன்றி சொல்லும் தாளிலேயே அடுத்த ஆர்டரைக் கேட்பதை நான் அடியோடு வெறுக்கிறேன். படிப்பவருக்கு முதல் வரியும் பொய்யாகிவிடும்.

துக்க வீட்டுக்கு எழுதத்தான் பலரும் தயங்குகிறோம். எங்கள் பட்டறையில் மூத்தவராக இருந்தவர் இறந்தபோது, "ஆழ்ந்த இரங்கல்" என்று தொடங்கி மூன்று தாளை வீணாக்கினேன். கடைசியில், கரண்டியிலிருந்து வண்ணம் வழியும் வேகத்தை வைத்தே பதம் பார்க்க அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தக் காலை நேரத்தை எழுதி அவர் மனைவிக்குக் கொடுத்தனுப்பினேன். பதினாறாம் நாள் போயிருந்தேன். பேரன் திண்ணையில் உட்கார்ந்து அதை ஆயாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். கரண்டி வந்த இடத்தில் ஆயா அவனை நிறுத்தி, அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.