பிஎச்.டி. பண்ணிவிட்டு மென்பொருள் நிறுவனத்துக்குப் போனால் ஆய்வில் கழித்த வருடங்கள் வீணா?

நான்காம் வருடத்தில் இருக்கிறேன், ஒரு பேப்பர் வந்துவிட்டது, அடுத்தது இரண்டு தடவை ரிஜெக்ட் ஆகிவிட்டது, கூடப் படித்தவர்கள் பெங்களூரில் வீடே வாங்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது கம்பெனிக்குப் போனால் இந்த நாலு வருடமும் விழலுக்கு இறைத்த நீரா என்பது உங்கள் கேள்வி. நான் 2013-ல் சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தில் கம்பைலர் (நாம் எழுதும் நிரலை மெஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) ஆய்வில் சேர்ந்து, 2019-ல் வைவா முடித்து, அந்த வருடக் கடைசியில் பெங்களூரில் ஒரு சிப் நிறுவனத்தின் கம்பைலர் குழுவுக்குப் போனவன். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. எது உதவியது, எது காலை வாரியது என்று சொல்கிறேன். இரண்டுமே நான் நினைத்த இடத்தில் இல்லை.

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடலாம். நான் சேர்ந்தபோது ஜேஆர்எஃப், அதாவது ஆய்வு மாணவருக்கு அரசு தரும் உதவித்தொகை, மாதம் 16,000 ரூபாய். 2014 அக்டோபரில் அது 25,000 ஆனது, 2019 ஜனவரியில் 31,000 ஆனது, அதுவும் ஸ்காலர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான். 2023 ஜனவரியிலிருந்து 37,000, சீனியர்களுக்கான எஸ்ஆர்எஃப் 42,000. இதை வைத்துக்கொண்டு உங்கள் வகுப்புத் தோழர்களின் வீட்டுக் கடனோடு ஒப்பிட்டால் தூக்கம்தான் கெடும். அந்த வித்தியாசம் பிறகு ஈடாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு ஆகவில்லை. என்னைவிட நாலு வயது சின்னவர்கள் இருந்த லெவலில்தான் சேர்த்தார்கள், எம்.டெக். முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தவர்களுக்குச் சமமாக.

என் ஆய்வு லூப்களைப் பற்றியது, அதாவது நிரலில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதிகள். மேட்ரிக்ஸ் பெருக்கலில் மூன்று ஃபார் லூப் இருக்கும் அல்லவா, அவற்றின் வரிசையை மாற்றிப் போட்டாலும் விடை மாறாது, ஆனால் வேகம் பல மடங்கு மாறலாம், ஏனென்றால் சி மொழியில் மேட்ரிக்ஸ் வரிசை வரிசையாக மெமரியில் இருக்கிறது, உள் லூப் அந்த வரிசையோடு போனால் கேஷ் (ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி) கைகொடுக்கும், குறுக்கே தாவினால் கைவிடும். இந்த மாற்றத்தைக் கம்பைலரே கணக்குப் போட்டுச் செய்யும் முறைக்குப் பாலிஹெட்ரல் என்று பெயர். நான் அதில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் ஓட்டினேன். சோதித்துப் பார்க்கப் பாலிபெஞ்ச் என்று 30 சின்ன நிரல்களின் தொகுப்பு உண்டு, இந்தத் துறையில் எல்லோரும் அதைத்தான் ஓட்டுவார்கள். என் கருவி 26 நிரல்களில் அழகாக ஓடியது. நான்கில் கிராஷ் ஆனது. பேப்பரில் என்ன எழுதினேன் தெரியுமா? அந்த நான்கும் எங்கள் மாடலின் எல்லைக்குள் வராதவை என்று ஒரே ஒரு வரி. ரெவ்யூவர் யாரும் கேட்கவில்லை, கைடும் கேட்கவில்லை. அது பொய்யும் இல்லை, இரண்டு நிரல்களுக்கு நிஜமாகவே அதுதான் காரணம். மற்ற இரண்டுக்கும் என்ன காரணம் என்று நான் பார்க்கவே இல்லை.

கம்பெனியில் எனக்கு வந்ததெல்லாம் அந்த நாலு நிரல்கள்தான். அதாவது அந்த மாதிரி கிராஷ் ஆகும் நிரல்கள். ஓடுகிற 26-ஐப் பற்றி அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. வாடிக்கையாளரின் கோடு கிராஷ் ஆனால் அது எந்த மாடலுக்கு வெளியே இருக்கிறது என்று அவரிடம் போய்ச் சொல்ல முடியாது, கம்பைல் ஆக வேண்டும், விடை சரியாக வர வேண்டும், வேகம் பிறகு. இது புரிந்து உடம்பில் இறங்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சேர்ந்து இரண்டாம் மாதம், பெருமையாக ஒரு பேட்ச் (பொதுக் கோடில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றம்) போட்டேன், 300 வரி இருக்கும். பி.இ. முடித்துவிட்டு நேராக வந்த பையன் ஒருவன்தான் ரிவ்யூ பண்ணினான். முதல் கமென்ட்டே 'டெஸ்ட் எங்கே?' அப்புறம் 40 கமென்ட். தீசிஸுக்காக நான் எழுதிய சி++ கோடு 11,000 வரிக்கு மேல், அதில் ஒரு டெஸ்ட்கூட இல்லை, இடைஞ்சல் செய்த அசர்ட்களை (தப்பு நடந்தால் நிரலை நிறுத்தும் சோதனை வரிகள்) எல்லாம் ஓடாதபடி கமென்ட் பண்ணி வைத்திருந்தேன். நான்தானே எழுதினேன், நான்தானே ஓட்டப்போகிறேன் என்ற தைரியம். அந்தப் பேட்சை ஐந்தாகப் பிரித்துப் போடச் சொன்னான், கடைசிப் பகுதி உள்ளே போக ஆறு வாரம் ஆனது. கோபம் வந்ததா என்றால், வந்தது. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதால் கோபம் இன்னும் கூடியது.

இன்டர்வியூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் இடறி விழும் இடம் அதுதான். முதல் இரண்டு இடத்தில் நான் தோற்றது என் துறையில் இல்லை, பைனரி ட்ரீ என்ற கிளை பிரியும் தரவு அமைப்பை வளைந்து வளைந்து அச்சிடச் சொன்ன கேள்வியில். முப்பது வயதில், டாக்டர் பட்டத்துக்கு மிக அருகில் நின்றுகொண்டு, 25 நிமிடத்தில் ஒரு க்யூ எழுதத் தடுமாறினேன். இந்தக் கேள்விகள் முட்டாள்தனமானவை என்று என்னால் அரை மணி நேரம் வாதாட முடியும், அது வேலை வாங்கித் தராது. மூன்று மாதம் தினமும் காலையில் இரண்டு கணக்கு என்று உட்கார்ந்தேன், சரியாகிவிட்டது. கம்பைலர் குழுவின் இன்டர்வியூ வேறு மாதிரி இருந்தது. எஸ்எஸ்ஏ வடிவத்தில் (ஒவ்வொரு மாறிக்கும் ஒரே இடத்தில் மட்டும் மதிப்புத் தரும், கம்பைலரின் உள்வடிவம்) ஃபை (பாதைகள் சேருமிடத்தில் மதிப்பைத் தேர்வது) எதற்கு, எங்கே வைப்பது என்று கேட்டார்கள், அப்புறம் ஆய்வை ஐந்து நிமிடத்தில் சொல்லச் சொன்னார்கள். நான் 20 நிமிடம் பேசினேன். அதற்கும் சேர்த்துத்தான் அந்த லெவலில் போட்டார்கள் என்று பின்னால் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சரி, உதவியது என்ன? பாலிஹெட்ரல் அறிவு என்று நினைத்துத்தான் போனேன். ஐந்து வருடத்தில் அதை நேரடியாகத் தொட்டது இரண்டே தடவை. கைகொடுத்தது வேறொன்று.

2021-ல் ஒரு ரிலீஸுக்குப் பிறகு வாடிக்கையாளர் ஒருவரின் இமேஜ் நிரல் 6 சதவீதம் மெதுவாகிவிட்டது. எந்த மாற்றத்தால் என்று கிட் பைசெக்ட் (பழைய மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துக் குற்றவாளியைத் தேடும் கருவி) போட்டுத் தேடினால், அது கைகாட்டிய பேட்ச் அந்த லூப்பைத் தொடவே இல்லை. அந்த நிரலில் சம்பந்தமே இல்லாத வேறொரு ஃபங்ஷனின் கோடு 16 பைட் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். பைசெக்ட் தப்பு, மெஷின் சரியில்லை, திரும்ப ஓட்டு என்று மூன்று நாள் போனது. எனக்கு மட்டும் பழைய ஞாபகம் வந்தது. ஆய்வுக் காலத்தில் ஒருமுறை, ஒரே பைனரி (கம்பைல் ஆன நிரல்) என் லாகினில் ஓடினால் ஒரு வேகம், பக்கத்து சீட்டு நண்பனின் லாகினில் ஓடினால் இன்னொரு வேகம். மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, 2009-ல் ஏஸ்ப்ளாஸ் என்ற கணினி ஆய்வு மாநாட்டில் வந்த ஒரு கட்டுரை கையில் கிடைத்தது. சூழல் மாறிகளின் (யூசர்நேம் போல, ஒவ்வொரு நிரலுக்கும் சிஸ்டம் கொடுத்தனுப்பும் விவரங்கள்) மொத்த நீளம் மாறினாலே நிரலின் வேகம் மாறலாம், ஆப்ஜெக்ட் ஃபைல்களை (தனித்தனியாகக் கம்பைல் ஆன துண்டுகள்) லிங்க் பண்ணி ஒன்றாக்கும் வரிசை மாறினாலும் மாறலாம் என்று அதில் காட்டியிருந்தார்கள். சூழல் மாறிகள் ஸ்டாக்கின் (நிரலின் தற்காலிக மெமரி) அடியில் உட்கார்வதால் அதன் மேல் இருக்கும் எல்லா முகவரியும் நகர்ந்துவிடும். என் யூசர்நேம் நண்பனுடையதைவிட நீளம், வீட்டில் வைத்த பெயர் அப்படி.

அந்த ஞாபகத்தில், வாடிக்கையாளரின் லூப் எந்த முகவரியில் தொடங்குகிறது என்று பார்த்தேன். முன்பு 32 பைட் எல்லையில் சரியாக உட்கார்ந்திருந்தது, இப்போது 16 நகர்ந்து எல்லையைக் குறுக்கே தாண்டிக் கிடந்தது. கையால் அலைன் பண்ணி, அதாவது அதைத் திரும்ப எல்லையில் உட்கார வைத்துப் பார்த்தேன், 6 சதவீதமும் திரும்பி வந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் குழுவில் எண்ணில் சந்தேகம் வந்தால் என் மேசைக்கு வருவார்கள். டர்போவை (ப்ராசஸர் தானே வேகம் கூட்டிக்கொள்வது) அணைத்தீர்களா, எத்தனை தடவை ஓட்டினீர்கள், பரவல் எவ்வளவு, இரண்டு சதவீதம் என்பது முன்னேற்றமா இரைச்சலா என்று நான் நச்சரிப்பேன். இந்த நச்சரிப்பை ஆறு வருட ஆய்வு தந்தது. ரிஜெக்ட் ஆன பேப்பர்கள்தான் அதிகம் தந்தன என்று தோன்றுகிறது, ஏனென்றால் அளவீட்டைக் கிழித்துத் தொங்கவிட்டவர்கள் அந்த ரெவ்யூவர்கள்தான்.

ஆய்வுக் கோடே தொழிலில் நிலைத்ததற்கு, எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பைச் சில பேர் உதாரணம் காட்டுவார்கள். 2000-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் ஆத்வேயிடம் கிறிஸ் லாட்னர் மாணவராக ஆரம்பித்த திட்டம், 2003-ல் முதல் வெளியீடு, 2005-ல் பிஎச்.டி. முடித்து ஆப்பிளுக்குப் போனார், கோடும் கூடவே போனது, இன்றைக்கு கிளாங் கம்பைலர், ரஸ்ட், ஸ்விஃப்ட் மொழிகள் எல்லாம் அதன் மேல் நிற்கின்றன. நிஜம்தான். நான் சம்பளம் வாங்குவதே அதில் வேலை செய்து. ஆனால் உங்கள் தீசிஸும் அப்படி ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தால் அந்தக் கணக்கைக் கலைத்துவிடுங்கள். என் தீசிஸ் கோடு இப்போதைய எல்எல்விஎம்மில் கம்பைல்கூட ஆகாது.

திரும்பி வர முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கதவு அடைத்துவிடாது. ஐஐடிகளில் உதவிப் பேராசிரியர் முதல் நிலைக்குக் கேட்கும் மூன்று வருட அனுபவத்தில் தொழில்துறை அனுபவமும் செல்லும். ஆனால் அந்த வருடங்களில் பேப்பர் வந்திருக்க வேண்டும், பெரும்பாலான கம்பெனி வேலையில் அதற்கு நேரமும் கிடைக்காது, அனுமதியும் சுலபத்தில் கிடைக்காது. திரும்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் நிறுவனங்களின் ஆய்வுக் கூடங்களைப் பாருங்கள், இடம் குறைவு, போட்டி அதிகம், ஆனால் பேப்பர் எழுத விடுவார்கள்.

இப்போதே செய்யக் கூடியது என்றால், வரும் கோடையில் ஒரு இன்டர்ன்ஷிப் போங்கள், வேலையை உள்ளே இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உங்கள் துறையில் இருக்கும் ஏதாவது ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் நாலு பேட்சாவது உள்ளே தள்ளுங்கள், நான் வாங்கிய அந்த 40 கமென்ட்டை நீங்கள் சம்பளம் வாங்குமுன் வாங்கிவிடலாம். கைடிடம் மறைக்க வேண்டாம், வேறு யாராவது சொல்லித் தெரிந்தால்தான் மனது கசக்கும். நான் போய்ச் சொன்னபோது என் கைடு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார், அப்புறம், 'தீசிஸைக் கொடுத்துவிட்டுப் போ' என்றார். அது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. அப்போது கடுப்பாக இருந்தது, ஆஃபர் கையில் இருந்தது, நாலு மாதம் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அதே சமயத்தில் என் ரூம்மேட்டுக்கும் வேலை கிடைத்தது, சனி ஞாயிறில் எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டான். போன பொங்கலுக்குப் பார்த்தபோதும் மூன்றாம் அத்தியாயத்தில்தான் இருந்தான்.