ஜெபித்தும் அம்மாவுக்குச் சுகம் கிடைக்கவில்லை. எங்கள் விசுவாசம் குறைவா?

அம்மாவுக்குச் சுகர், பல மாதமாக ஜெபித்தும் குறையவில்லை, மாத்திரை போடுவதே அவிசுவாசம் என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எங்கள் சித்தி நிறுத்தினார். ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் தலையில் கைவைத்து ஜெபித்தவர், "சுகமாகிவிட்டாய், இனி மாத்திரையைத் தொடாதே" என்றாராம். சித்தி அதை நம்பி, மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து, செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்துப்போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அதைவிடக் கொடுமை பின்னால் நடந்தது. அதே குழுவிலிருந்து வந்தவர்கள் கட்டிலருகே நின்று, "எங்கேயோ விசுவாசத்தில் குறை இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விரல் போன வலியைச் சித்தி தாங்கிக்கொண்டார். இந்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் அழுவார்.

நான் அப்போதுதான் சுவிசேஷங்களை ஒரே ஒரு கேள்வியோடு திரும்ப வாசித்தேன்: குணமானவர்களில் யார் யாருக்கு விசுவாசம் இருந்தது? பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத, ஸ்திரீக்கு இருந்தது. "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றே இயேசு சொல்கிறார். நாசரேத்தில் அவிசுவாசத்தினிமித்தம் அநேக அற்புதங்கள் நடக்கவில்லை என்றும் மத்தேயு எழுதுகிறார். அதை மறைக்க முடியாது. ஆனால் பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனுக்கு, தன்னைக் குணமாக்கியது யார் என்பதே தெரியாது. மல்குஸ் இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவன், வெட்டுப்பட்ட அவன் காதும் சொஸ்தமாயிற்று. அவன் விசுவாசத்தை யார் அளந்தார்கள்?

பவுலைப் பாருங்கள். அவர் உடம்பில் பட்ட உருமால்களை, அதாவது கைக்குட்டைகளை, கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிகள் நீங்கின என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அதே பவுல், தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிக்காரனாகவே விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். தன் சீஷன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார், கிட்டத்தட்ட பாட்டி வைத்தியம் மாதிரி. தன் மாம்சத்தில் இருந்த முள் என்று அவர் சொன்ன உபாதைக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. கூட இருந்த லூக்காவோ வைத்தியன். இவர்களில் யாரையும் பவுல் விசுவாசக்குறைவு என்று திட்டவில்லை.

நம் பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. ஜெபத்தையும் மருந்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்து நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற மருத்துவமனை. அங்கே டாக்டராக இருந்த மேரி வர்கீஸுக்கு 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அந்தச் செயலிழப்பு அவருக்குக் குணமாகவே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவரிடம் போய், "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

அற்புதம் நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. நானும் ஜெபிக்கிறவன்தான். குணமாகாவிட்டால் பழியை நோயாளி தலையில் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. கைவைத்தவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். புண்ணோடு கிடப்பது உங்கள் அம்மா. ஜெபிக்க யார் வந்தாலும் வரட்டும். மாத்திரை பற்றிப் பேச்செடுத்தால், அதை டாக்டரிடம் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள் சித்திக்கு மாற்கு இரண்டாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். கைகால் அசைக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, வீட்டின் மேற்கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று வருகிறது. அவன் விசுவாசத்தை என்று மட்டும் எழுதியிருக்கவில்லை. சித்தி நிறுத்தச் சொன்னார்.

"ஏலே, அப்போ படுத்துக் கிடந்தவன் ஒண்ணுமே சொல்லலையா?"

"வாயே திறக்கல சித்தி."

கட்டுப் போட்ட காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ராத்திரி மாத்திரையை எடுத்துத் தரச் சொன்னார்.