வாசகர் கேள்வி–பதில்: பழைய பைபர் படகைப் புதுப்பித்தல்

கேள்வி: ஐயா, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர்க் கடற்கரையில் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த பதினெட்டு அடி பைபர் படகு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்து தோட்டத்தில் வைத்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு வழங்கப்பட்ட படகு என்கிறார்கள். நிறம் வெளுத்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டுகிறது. அடியில் இரண்டு இடங்களில் நார் வெளியே தெரிகிறது. இரண்டு கோட்டு பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் எங்கள் பெயின்டர். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: பெயின்டரைக் கடைசியில் வரச் சொல்லுங்கள். வெளுப்பும் சிராய்ப்பும் கண்ணில் படுவதால் பெரிதாகத் தோன்றுகின்றன. கையில் ஒட்டும் மாவு, ஜெல்கோட் எனப்படும் மேற்பூச்சு வெயிலில் சிதைந்து விட்ட தூள்தான். அதைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் மாட்டும் பின்பலகையை.

பைபர் படகு என்று சொன்னாலும் பின்பலகையின் நடுவிலும், பல படகுகளில் தரைக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் தாங்குகட்டைகளின் உள்ளேயும் இருப்பது மரமோ பிளைவுட்டோதான். எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட் துளைகளின் வழியே இறங்கும் தண்ணீர், இரண்டு பக்கமும் பைபர் மூடியிருப்பதால் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, மரத்தை ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கும். வெளித்தோல் பளபளப்பாகவே இருக்கும். 2004 டிசம்பர் 26ஆம் தேதிக்குப் பிறகு நம் கடற்கரைக்கு ஆயிரக்கணக்கான பைபர் படகுகள் குறுகிய காலத்தில் தேவைப்பட்டன. அப்போது கட்டப்பட்டவற்றில் நல்ல வேலையும் உண்டு, மரத்தின் வெட்டு விளிம்பை ரெசின் என்னும் இறுகும் பிசினால் மூடாமல் விட்ட அவசர வேலையும் உண்டு. உங்களுடையது எது என்பதைத் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால், ஒரு சாணுக்கு ஒரு தட்டு வீதம், பின்பலகை முழுவதையும், பிறகு அடிப்பகுதியையும் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக இருக்கும் இடம் ‘டக் டக்’ என்று ஒலிக்கும்; அழுகிய மரமோ பிரிந்த அடுக்கோ உள்ள இடம் ‘தொப் தொப்’ என்று கேட்கும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பின்னர் பின்பலகையின் உட்பக்கத்தில், கீழ் ஓரத்துக்கு அருகே, வெளித்தோலைத் தொடாத ஆழத்துக்கு 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். டிரில்லில் சுருண்டு வருவது வெளிர்நிறமாகவும் உலர்ந்தும் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நான் முதன்முதலில் புதுப்பித்த படகில் வெளிவந்தது ஈரமான தேயிலைச் சக்கை போன்ற கறுப்புத் துகள். கூடவே தேங்காய் மட்டை ஊறப்போட்ட குட்டையின் நாற்றம். அந்தப் படகுக்கு நான் ஏற்கெனவே பெயின்ட் வாங்கி வைத்திருந்தேன்.

மரம் அழுகியிருந்தால் உட்புறத் தோலை மட்டும் வெட்டியெடுத்து, வெளித்தோலை அச்சாக வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் சக்கையை முழுவதும் சுரண்டி, உலரவிட்டு, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை அளவாக வெட்டி, அதன் விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கமும் ரெசின் குடிக்கவிட்டுப் பொருத்தி, மேலே மீண்டும் பைபர் அடுக்குகளை இட வேண்டும். வெட்டுவதற்கு முன்பு, படகின் அடிநடுவில் நீளமாக ஓடும் ஏராவுக்கு அடியிலும் இரு பக்கங்களிலும் முட்டுக் கொடுத்துப் படகைச் சமமாக நிறுத்துவது மிக அவசியம். பின்பலகை இல்லாத நேரத்தில் படகின் பைபர் ஓடு விரிந்துகொடுத்தால், அந்தக் கோணல் புதிய பலகையோடு சேர்ந்து நிரந்தரமாகிவிடும்.

நார் தெரியும் இடங்களுக்கு வருவோம். அசிட்டோனால் துடைத்து மெழுகையும் எண்ணெயையும் போக்கிய பிறகே கிரைண்டரைத் தொடுங்கள்; துடைக்காமல் தேய்த்தால் அழுக்கைக் கீறல்களுக்குள் நாமே திணித்துவிடுகிறோம். சேதத்தைச் சுற்றிலும், ஓட்டின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஓடு 6 மி.மீ. கனம் என்றால் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 7 செ.மீ. சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பெரிய பள்ளமா என்று மனம் ஒப்பாது. புதிய பைபர் பழையதை ஒட்டுதலால் மட்டுமே பிடித்திருக்கிறது; ஒட்டுவதற்கு அதற்குப் பரப்பு வேண்டும்.

கேள்வி: கடையில் ஜி.பி. ரெசின், ஐசோ ரெசின், எபாக்சி என மூன்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது, ஹார்டனர் எவ்வளவு சேர்ப்பது?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: முதல் இரண்டும் பாலியெஸ்டர் வகை; ஜி.பி. என்பது பொதுப் பயன்பாட்டுக்கானது. தண்ணீரைத் தாங்குவதில் ஐசோ மேலானது. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழேயும் பின்பலகையிலும் ஜி.பி.யைத் தவிர்த்துவிடுங்கள். பழைய பரப்பின் மீது மூன்றிலும் நன்றாக ஒட்டுவது எபாக்சிதான் என்றாலும், அதோடு இரண்டு சிக்கல்கள் வருகின்றன. எபாக்சி மீது பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது என்பதால் பெயின்ட்டில்தான் முடிக்க வேண்டும். மேலும், நறுக்கிய நார்களால் ஆன சாதாரண மேட்டைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும், எபாக்சியில் கரையாது. அதனால் மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது. எபாக்சி வாங்கினால் நெய்த துணியும் சேர்த்து வாங்க வேண்டும். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு ஐசோ போதும் என்பது என் எண்ணம்.

அளவுக்கு ஒரு கணக்கு: சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை 2 சதுர மீட்டர் பரப்பில் இரண்டு அடுக்கு இட்டால் மேட் 1.8 கிலோ, அதைப் போல இரண்டரை மடங்காக ரெசின் 4.5 கிலோ. ஒவ்வொரு அடுக்கும் சுமார் 1 மி.மீ. கனம் தரும். ஐசோவை இறுகவைக்கும் ஹார்டனர், ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். நம் ஊர்க் கோடையில் 1 சதவீதத்தை ஒட்டியே இருங்கள். அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் முழுமையாக இறுகாமலே போகக்கூடும். ஒரு மே மாத மதியத்தில் நான் ஒரு கிலோவை மொத்தமாக மக்கில் கலந்து வைத்துவிட்டு ஒரு போன் பேசித் திரும்பியபோது, மக் உருகிச் சாய்ந்து புகைந்துகொண்டிருந்தது. அரை அரைக் கிலோவாக, அகலமான தட்டில் கலந்தால் சூடு தேங்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் எனப்படும் ஆக்சிலரேட்டரும் ஹார்டனரும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினையே கேட்டு வாங்குங்கள். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகும் அபாயம் உண்டு. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள், பட்டுவிட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீரால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ரெசின் பூசி மூன்று நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. கெட்டுப்போன ரெசினா?
— வாசகி, கடலூர்

பதில்: நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் ஹார்டனர் போதவில்லை. சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. உள்ளே கெட்டியாகவும் மேலே மட்டும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் அது பாலியெஸ்டரின் இயல்பு: காற்று படும் மேற்பரப்பு இறுகாது. அடுத்த அடுக்கு இடுவதற்கு அது வசதியே. கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்த்த ரெசினைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: படகின் மிதவை அறையில் தெர்மாகோல் நிரப்பி மேலே பைபர் இட்டேன். மறுநாள் பார்த்தால் உள்ளே குழிவிழுந்துவிட்டது. ஏன்?
— வாசகர், பழவேற்காடு

பதில்: ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிட்டது. அதற்குப் பதிலாக இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் ஃபோமைப் பயன்படுத்தலாம். ஊற்றுமுன் அறையில் காற்றுப் போக வழி விடுங்கள், இல்லாவிட்டால் பொங்கும் ஃபோம் படகுச் சுவரையே பிதுக்கிவிடும். மிதவையை வீண் செலவாக நினைக்க வேண்டாம். கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும். பைபரின் அடர்த்தியோ தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. 400 கிலோ ஓடு தண்ணீருக்குள் ஏறத்தாழ 130 கிலோவாக இழுக்கும், அதோடு எஞ்சினும் சேரும். ஆகவே 200 லிட்டருக்குக் குறையாமல் ஃபோம் இருக்கட்டும்.

கேள்வி: அடிப்பகுதி முழுவதும் அம்மைக் கொப்புளம் போல இருக்கிறது. ஒன்றைக் குத்தியபோது புளித்த நீர் பீய்ச்சியது. படகு பல ஆண்டுகள் துறைமுகத் தண்ணீரிலேயே நின்றது.
— வாசகர், இராமேசுவரம்

பதில்: காரணத்தைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். அன்றாடம் கரையேற்றப்படும் படகு காய்ந்துவிடுகிறது. தண்ணீரிலேயே நிற்கும் படகில் ஈரம் ஜெல்கோட்டைக் கடந்து உள்ளே போய், அங்குள்ள பொருட்களைக் கரைத்து, வினிகர் நெடியுள்ள அமில நீராக மாறி, மேலும் தண்ணீரை இழுத்துக் கொப்புளமாக உப்புகிறது. ஒவ்வொன்றையும் திறந்து, நல்ல தண்ணீரால் பல முறை கழுவி, வாரக்கணக்கில் நிழலில் உலரவிடுங்கள். ஒரு முழச் சதுரத்தில் கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு பகல் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். இதில் பொறுமை இழந்து மூடியவர்கள் அடுத்த ஆண்டும் அதே கொப்புளத்தைத்தான் பார்ப்பார்கள். காய்ந்த பிறகு எபாக்சிப் புட்டியால் நிரப்பி, எபாக்சியாலேயே சில பூச்சுகள் கொடுங்கள். ஜெல்கோட் ஆசையை இங்கே விட்டுவிட வேண்டும்.

கேள்வி: தேய்க்கும் தூளால் உடம்பு முழுக்க அரிக்கிறது. பக்கத்து வீட்டாரும் சண்டைக்கு வருகிறார்கள்.
— வாசகர், சென்னை

பதில்: அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் தூள் பறக்காது, ஆனால் அதைக் கையாலோ கையால் ஓட்டும் கருவியாலோ செய்யுங்கள், மின்சாரக் கிரைண்டரோடு தண்ணீரைச் சேர்க்காதீர்கள். கைக்குட்டை போதாது, தூளுக்குத் தூள் முகமூடியும், ரெசின் வேலைக்குக் கரிமக் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகமூடியும் தனித்தனியே வேண்டும். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளியுங்கள். அந்த உடைகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கேள்வி: வேலை முடிந்துவிட்டது. நேராகக் கடலில் இறக்கலாமா?
— வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: முன்பு மீன்பிடித்த படகென்றால் அதன் பதிவு ஆவணத்தை விற்றவரிடமிருந்து பெற்று, அவரையும் அழைத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் சென்று, பொழுதுபோக்குக்காக ஓட்ட என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் எஞ்சின் வைத்து ஓட்டுவதற்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது. அதன் பிறகு, அலையில்லாத காயலில், இடுப்பளவுத் தண்ணீரில், எஞ்சின் இல்லாமல் படகைக் கட்டிப்போட்டு இரண்டு மணி நேரம் காத்திருங்கள். உள்ளே காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே, பின்பலகையின் கீழ் மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள். கசிவு இருந்தால் முதலில் அங்கேதான் ஈரம் தட்டும்.