அஞ்சறைப் பெட்டி கேள்வி-பதில்: எந்தச் சீரகம்?

மளிகை மண்டியில் முப்பது வருடம் மூட்டை பிரித்தவன் என்பதால் விதைச் சரக்கு பற்றிய கேள்விகளை என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். இந்த முறை வந்ததில் பாதி சீரகத் தகராறு. அதற்கு வருகிறேன்.

குழம்புப் பொடிக்கு மல்லியை எத்தனை நிமிடம் வறுக்க வேண்டும்? (விருதுநகர்)

எவ்வளவு மல்லி என்று எழுதவில்லை. கால் கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் ஒரே நேரமா? கடிகாரத்தை விடுங்கள், மூக்கை நம்புங்கள். அடி கனத்த சட்டி, சிறு தீ. பச்சை வாசம் போய், விரலால் நசுக்கினால் பொடபொடவென்று உடைந்தால் இறக்கிவிடலாம். நன்றாகச் சிவந்துவிட்டதென்றால் தாண்டிவிட்டீர்கள். இறக்கியதும் தட்டில் கொட்டுங்கள், சட்டிச் சூட்டிலேயே மீதி கருகும். வெந்தயத்தை மல்லியோடு சேர்த்து வறுக்காதீர்கள். அது முந்திக் கருகும், கருகினால் பொடி முழுக்கக் கசக்கும். 1 கிலோ மல்லிக்கு வெந்தயம் 50 கிராமைத் தாண்ட வேண்டாம்.

தாளிக்கும்போது கடுகு சில நாள் வெடிக்கிறது, சில நாள் கிடந்து கருகுகிறது. கடுகு மட்டமா? (தஞ்சாவூர்)

எண்ணெய் காயவில்லை. கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் சட்டென்று ஆவியானால்தான் தோல் வெடிக்கும். மெதுவாகச் சூடேறினால் ஈரம் கசிந்து போய்விடும், அப்புறம் என்ன வெடிக்கும்? ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள், பொரிந்தால் மீதியைப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். தாளித்த கடுகில் அந்தக் காரமே கிடையாது. கடுகை உடைத்துத் தண்ணீர் பட்டால்தான் உள்ளே இருக்கும் நொதி வேலை செய்து காரம் பிறக்கும். சூடு பட்டால் நொதி செத்துவிடும். அதனால்தான் ஆவக்காய்க்குக் கடுகைப் பச்சையாகப் பொடிக்கிறார்கள். மூக்கில் ஏறும் காரம் வேண்டுமானால் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். வெந்நீர் விடாதீர்கள்.

வெந்தயம் ஊறிய தண்ணீர் குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா? (ஊர் வேண்டாம் என்கிறார்)

கூடாது. வெந்தயத்தின் கொழகொழப்பான நார், உணவில் இருக்கும் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பாடு. தினமும் வெந்தயம் சாப்பிடுவதை அவரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்தும் போகலாம். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்களும் கேட்காமல் ஸ்பூன் ஸ்பூனாக விழுங்க வேண்டாம்.

வெந்தயம் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து வியர்வை ஒரு மாதிரி இனிப்பாக வாசம் அடிக்கிறது. (ஓசூர்)

பயப்பட ஒன்றுமில்லை. வெந்தயத்தில் சோட்டோலோன் என்று ஒரு மணப்பொருள் உண்டு. வியர்வையிலும் சிறுநீரிலும் அதுதான் வெளியே வருகிறது.

வடநாட்டுப் புலாவ் செய்தேன். குறிப்பில் "கருஞ்சீரகம் 1 டீஸ்பூன்" என்று இருந்தது. போட்டேன். கசப்பில் யாரும் சாப்பிடவில்லை. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டாரா? (திருச்சி)

கடைக்காரரைத் திட்டாதீர்கள் அம்மா. நீங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். குறிப்பை மொழிபெயர்த்தவரைப் பிடிக்க வேண்டும். "காலா ஜீரா" என்பதை எழுத்துக்கு எழுத்து "கருஞ்சீரகம்" என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? வருடம் முழுக்க இந்த ஒரு தப்பால் எனக்கு எத்தனை கடிதம் வருகிறது தெரியுமா?

பொறுமையாகப் படியுங்கள். நாம் சீரகம் என்று சொல்வது ரசத்தில் போடுவது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்து, பெரும்பாலும் குஜராத்தின் உஞ்சா ஊர்ச் சந்தை வழியாக வருகிறது. புலாவுக்கும் பிரியாணிக்கும் கேட்டிருப்பது ஷாஹி ஜீரா. சீரகத்தை விட மெலிசு, கருத்த பழுப்பு, லேசான வளைவு. இமயமலைப் பக்கம், காஷ்மீரிலும் கின்னோரிலும் விளைகிறது. விதைத்தால் பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும், விலை அதற்குத் தகுந்த மாதிரி. இதைத்தான் அங்கே காலா ஜீரா என்கிறார்கள்.

நீங்கள் வாங்கிய கருஞ்சீரகம் வடக்கே கலோஞ்சி. முக்கோணமாக, மங்கிய கறுப்பாக, நசுக்கினால்தான் வாசம் வரும். மல்லி, சோம்பு, ஓமம், சதகுப்பை எல்லாம் சீரகத்துக்குச் சொந்தக்காரர்கள், குடை விரித்த மாதிரிப் பூக்கிறவை. கருஞ்சீரகம் அந்தக் குடும்பமே இல்லை. சிலர் இதை வெங்காய விதை என்று விற்கிறார்கள், அதுவும் தப்பு. வடக்கே 'நான்' என்னும் ரொட்டியின் மேல் தூவுவார்கள், வங்காளிகளின் ஐந்து விதைத் தாளிப்பில் ஒன்று, இஸ்லாமிய மரபில் மருந்தாகப் பெருமதிப்பு உண்டு. நல்ல சரக்குதான், ஆனால் உங்கள் புலாவில் அதற்கு வேலை இல்லை.

இதோடு சீமைச் சீரகம் என்று ஒன்று. ஐரோப்பாவில் கோதுமை மாதிரியான ரை என்னும் தானியத்தில் சுடும் ரொட்டியில் போடுவது. பார்வைக்குச் சீரகம் போலவே இருக்கும், வாசம் வேறு. கடைசியாகக் காட்டுச்சீரகம். அது மருந்துச் சரக்கு, வயிற்றுப் பூச்சிக்குக் கொடுப்பது, கடும் கசப்பு. மண்டியில் தொழில் பழகிய காலத்தில், சீரகம் கேட்டு வந்தவருக்கு நான் பக்கத்து டப்பாவிலிருந்து இதை அள்ளிக் கட்டிவிட்டேன். மறுநாள் அவர் ரசத்தைத் தூக்குவாளியோடு கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். முதலாளி என்னை அந்த ரசத்தைக் குடிக்க வைத்தார். அன்றிலிருந்து நான் பெயரைக் கேட்பதில்லை, "எதில் போடப் போகிறீர்கள்?" என்றுதான் கேட்பேன். நீங்களும் கடையில் அப்படியே சொல்லுங்கள். இரண்டு விதையை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்துத் தோழி எழுதித் தந்த கறித்தூள் குறிப்பில் நற்சீரகம், பெருஞ்சீரகம் இரண்டும் இருக்கின்றன. நற்சீரகத்துக்கு எங்கே போவது? (சென்னை)

உங்கள் அஞ்சறைப் பெட்டிக்கு. நற்சீரகம் நம் சீரகம், பெருஞ்சீரகம் நம் சோம்பு. பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள், மேலே புலம்பிய புலம்பலுக்கு அங்கே வேலை இல்லை.

தோட்டத்தில் சீரகம் விதைத்தால் வருமா? மல்லி போட்டேன், அதுவே முளைக்கவில்லை. (தேனி)

சீரகத்துக்கு வறண்ட குளிர் வேண்டும். பனியும் ஈரக்காற்றும் பட்டால் நோய் விழுந்து படுத்துவிடும். ஆசையை விடுங்கள். மல்லி வரும், விளாத்திகுளம், கோவில்பட்டி கரிசலில் மானாவாரியாகவே வருகிறதே. முழு மல்லியை அப்படியே போட்டிருப்பீர்கள். ஒரு மல்லிக்குள் இரண்டு விதை. பலகையால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, இரவு முழுக்க ஊறவைத்து விதையுங்கள். பத்து நாள் பொறுங்கள். தினமும் கிளறிப் பார்க்காதீர்கள், நீங்கள் அப்படிப் பார்க்கிறவர் என்று கடிதமே சொல்கிறது. பழைய விதையானால் இதெல்லாம் செய்தும் பலனில்லை.

ஓமவல்லிச் செடி முற்றினால் ஓமம் கிடைக்குமா? (நாகர்கோவில்)

கிடைக்காது. வாசம் ஒன்று, செடி வேறு.

சீரகம், கடுகு இவற்றில் கலப்படத்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா? (ஈரோடு)

ஓரளவு முடியும். சீரகத்தை உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். கை கறுத்தால் புல் விதைக்குக் கரி பூசியிருக்கிறார்கள். சோம்பு கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் ஈரப் பஞ்சால் துடையுங்கள், பஞ்சு பச்சையானால் திருப்பிக் கொடுங்கள்.

கடுகில் விளையாட்டு வேண்டாம். பிரமதண்டு விதை பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். கடுகு வழவழப்பு, நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு சொரசொரப்பு, உள்ளே வெள்ளை. 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்து, கால் வீங்கி இதயம் பழுதாகி எத்தனையோ பேர் செத்தார்கள். தூளாக வாங்கினால் இந்தச் சோதனை ஒன்றும் செய்ய முடியாது. எப்போதும் சொல்வதுதான்: விதையாக வாங்குங்கள், கொஞ்சமாக வாங்குங்கள்.

துபாயில் இருக்கும் மகளுக்குக் குருமாவுக்காகக் கால் கிலோ கசகசா கொடுத்தனுப்பலாமா? (கும்பகோணம்)

அனுப்பவே அனுப்பாதீர்கள். கசகசா அபின் செடியின் விதை. இங்கே மளிகைச் சரக்கு, அங்கே தடை செய்யப்பட்ட பொருள், கொண்டுபோகிறவர் சிறைக்குப் போக நேரிடும். சிங்கப்பூருக்கும் வேண்டாம். முந்திரியும் பொட்டுக்கடலையும் சேர்த்து அரைத்தால் குருமா கெட்டியாகிவிடும். கொடுத்தனுப்பப் போவது பக்கத்து வீட்டுப் பையனிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். பொட்டலம் ஏற்கெனவே அவன் பெட்டிக்குள் போயிருந்தால் இன்றைக்கே போய் வெளியே எடுத்துவிடுங்கள்.