கோவையில் செங்கொடி ஜெயிப்பது எப்படி? கேள்வி பதில்

கோவை நாடாளுமன்றத் தொகுதியின் ஓட்டுக் கணக்கைப் பல வருடமாக நோண்டிக்கொண்டிருப்பவன் நான். கொங்கு மண்ணில் இடதுசாரிகளுக்கு இடமுண்டா என்று வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

பல்லடம் வாசகர்: சாதி, கோயில், சொந்தத் தொழில் என்று இருக்கிற ஊர். இங்கே கம்யூனிஸ்ட் ஜெயிக்க முடியுமா சார்?

ஜெயித்தே இருக்கிறார்களே! 1957இல் பார்வதி கிருஷ்ணன், 1967இல் கே. ரமணி, 1971இல் பாலதண்டாயுதம். 1973 விமான விபத்தில் அவர் இறந்ததும் இடைத்தேர்தலில் மறுபடி பார்வதி, 1977லும் அவரே. நீண்ட இடைவெளிக்குப் பின் 2004இல் சுப்பராயன், 2009லும் 2019லும் பி.ஆர். நடராஜன்.

கல்லூரி மாணவி: ஏன் கோவைக்கு மட்டும் இப்படி?

மில்தான் காரணம். 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின, சங்கங்களும் கூடவே வளர்ந்தன. சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நான்கு பேர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நினைவு இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது. காலையில் மருதமலைக்குப் போய்விட்டு மாலையில் சங்கக் கூட்டத்தில் கொடி பிடிப்பவருக்கு இரண்டும் முரணாகத் தெரியாது. வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது புதிராக இருக்கிறது.

சூலூர் வாசகர்: 2019இல் 1.79 லட்சம் வித்தியாசம். அவ்வளவும் தோழர்கள் ஓட்டா அண்ணா?

இல்லை தம்பி. 2014இல் திமுக, அதிமுக இரண்டும் கூட இல்லாமல் இதே நடராஜன் நின்றார். கிடைத்தது சுமார் 34 ஆயிரம் ஓட்டு, டெபாசிட் போனது. ஐந்து வருடத்தில் அதே ஆள் திமுக கூட்டணியில் 5.71 லட்சம் வாங்கினார். ஆள் மாறவில்லை, கூட்டணி மாறியது.

ஆனால் இதைவிட சுவாரசியம் எதிர்ப்பக்கம். 2014இல் அதிமுகவை எதிர்த்து நின்ற பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன் (இப்போதைய குடியரசுத் துணைத் தலைவர்தான்) 3.89 லட்சம் வாங்கினார். 2019இல் அதிமுக துணையோடு நின்று வாங்கியது 3.92 லட்சம்! 2014இல் இங்கே ஜெயித்த அதிமுகவுக்கு விழுந்த 4.31 லட்சம் எங்கே போனது? மக்கள் நீதி மய்யம் 1.45 லட்சம் வாங்கியது, மிச்சத்தில் கொஞ்சம் செங்கொடிக்கும் விழுந்திருக்க வேண்டும். கட்சிகள் சேர்ந்தால் ஓட்டும் தானாகச் சேரும் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்க்கட்டும்.

பீளமேடு பட்டறைக்காரர்: ஜிஎஸ்டி கோபத்தைச் சொல்லாமல் விட்டீர்களே?

சரிதான், விட்டிருக்கக் கூடாது. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது பிறர் தரும் பொருளைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலைக்கு, அப்போது 18 சதவீதம். பணமதிப்பு நீக்கத்தில் ஏற்கெனவே நொந்திருந்த குறுந்தொழில் பட்டறைகளுக்கு அது இரண்டாவது அடி. ஆனால் அந்தக் கோபம் இடதுசாரிப் பாசம் ஆகிவிடவில்லை. இரண்டே வருடத்தில், 2021 சட்டமன்றத் தேர்தலில், கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளிலும் திமுக கூட்டணி தோற்றது.

திருப்பூர் வாசகி: 2024இல் நடராஜனின் மார்க்சிஸ்ட் கட்சி கோவையை ஏன் திமுகவுக்கு விட்டுக்கொடுத்தது?

கொங்கில் தன் பலத்தைக் காட்ட திமுக தானே நிற்க விரும்பியது என்பது என் கணிப்பு. மார்க்சிஸ்ட் கட்சிக்கு திண்டுக்கல் கிடைத்தது, அங்கே 4 லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். இங்கே அண்ணாமலை 4.50 லட்சம் வாங்கியும் திமுகவிடம் தோற்றார். உங்கள் திருப்பூரில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சுப்பராயன்தான் மறுபடியும் ஜெயித்தார்.

சிங்காநல்லூர் வாசகர்: இனி கோவையில் வாய்ப்பு உண்டா?

கூட்டணி சீட்டு கொடுத்தால் உண்டு. ஆனால் சீட்டு கேட்கும் பலமே சங்கத்திலிருந்துதான் வந்தது. மத்திய அரசின் என்டிசி (தேசிய பஞ்சாலைக் கழகம்) மில்கள் 2020 ஊரடங்கில் நின்றவை. ஓடுகிற தனியார் மில்களில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் நிறைய. அவர்களைச் சங்கத்தில் சேர்த்தாலும் பெரும்பாலோருக்கு ஓட்டு சொந்த ஊரில்தானே இருக்கிறது.