மூன்று லட்சத்தை நெருங்கும் ஸ்கார்ப்பியோ

அன்புள்ள ஐயா,

என்னிடம் 2010 மாடல் ஸ்கார்ப்பியோ, எம்-ஹாக் இன்ஜின். மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. இனிமேல் செலவுதான் வைக்கும், வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனம் வரவில்லை. சின்ன வேலைகளை வீட்டிலேயே செய்துகொண்டு இன்னும் சில வருடம் ஓட்ட ஆசை. இந்த இன்ஜின் எவ்வளவு தூரம் தாங்கும்? பழைய இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்கிறார்களே, செய்யலாமா?

ரா., திண்டுக்கல்

அன்புள்ள ரா.,

அடிச்சட்டத்தில் துரு ஏறாமல் இருந்தால் விற்காதீர்கள். ஒரு சுத்தியலால் சட்டத்தை, முக்கியமாகப் பின்சக்கரங்களுக்கு மேலே வளையும் இடத்தில், தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. 15 வருடம் கடந்த வண்டி என்பதால் ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

இந்த வயதில் வண்டியைப் படுக்க வைப்பது பெரும்பாலும் ரப்பர்தான். ஆயில் ஒழுங்காக மாற்றிய இன்ஜினில் பிஸ்டனும் கிராங்கும் மெதுவாகத்தான் தேயும். ரப்பரோ வண்டி நின்றாலும் காயும். சில நூறு ரூபாய் ரேடியேட்டர் ஹோஸ் நெடுஞ்சாலையில் வெடிக்கும், கூலன்ட் கொட்டும், சூட்டில் இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிடும். அப்புறம் எல்லோரும் கிலோமீட்டர்மேல் பழிபோடுவார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: கூலன்ட் மொத்தமாக வடிந்துவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், டெம்பரேச்சர் முள் ஏறாமலே இருக்கலாம். முள் சரியாக இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே போய் இன்ஜினை இழந்தவர்கள் உண்டு.

இன்ஜின் ஆறியபிறகு ஒவ்வொரு ஹோஸையும் கையால் அமுக்கிப் பாருங்கள். விறைத்திருந்தாலோ, கொழகொழவென்று இருந்தாலோ, கிளிப் ஓரத்தில் காய்ந்த உப்புபோல் படிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். கிளிப்பும் புதிதாகவே இருக்கட்டும். பைப் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஊர் உப்புத்தண்ணீர் ரேடியேட்டரை உள்ளேயே அடைத்துவிடும்.

பிக்கப் குறைந்து கரும்புகை வந்தால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு உடனே செலவழிக்க வேண்டாம். முதலில், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைத் தடவிப் பாருங்கள். விரிசல் விட்ட இடம் ஆயில் கசிந்து ஈரமாக இருக்கும். ரிவர்ஸ் போடும்போது அடியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டால் பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸை, அதாவது சிலுவை வடிவ இணைப்பைப் பாருங்கள். அதில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை கிரீஸ் கன்னால் அடியுங்கள். ஆட்டம் இருந்தால் கிரீஸ் உதவாது, கிராஸை மாற்றத்தான் வேண்டும்.

கெட்டி ஆயில் வேண்டாம். டர்போ பேரிங்குக்கு ஆயில் உடனே போய்ச் சேர வேண்டும். காலை முதல் ஸ்டார்ட்டில் கெட்டி ஆயில் தாமதமாகத்தான் ஏறும். கையேட்டில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றி, சொன்ன கிலோமீட்டருக்குச் சற்று முன்னதாகவே மாற்றிவிடுங்கள். புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிட்டது என்று பயப்படாதீர்கள், டீசலில் அது சகஜம். பாலாடைபோல் வெளுத்தால்தான் ஆபத்து, கூலன்ட் கலந்திருக்கிறது. உங்கள் இன்ஜினில் டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் கவலை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது இரண்டு டன்னுக்குச் சற்றே குறைந்த வண்டி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கிறது. அது தளர்ந்திருக்கும் வண்டியைக் கியரில் போட்டுவிட்டு ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சும்மா சுழலும், வண்டி உருண்டுவிடும். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள், சமதளத்தில் மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும். பிரேக் லைன், ஸ்டியரிங் வேலைகளைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கூடவே நின்று பாருங்கள், நல்ல மெக்கானிக் கேட்டால் சொல்லித்தருவார்.

இந்த வாரமே ஹோஸில் ஆரம்பியுங்கள். கழற்றியதில் கிழியாமல் இருப்பதை எறிந்துவிடாமல், இரண்டு கிளிப்புடன் டிக்கியில் போட்டுவையுங்கள். ராத்திரியில் வழியில் நிற்க நேர்ந்தால் பக்கத்து ஊர் வரைக்குமாவது அது கொண்டுபோய்ச் சேர்க்கும்.