வீட்டில் பியர் காய்ச்சும் அமைப்புக்கு எந்த விரைவு இணைப்பியை வாங்குவது?

கெட்டில் (காய்ச்சும் பாத்திரம்), காந்தப் பம்ப், கொதித்ததை ஆறவைக்கும் தட்டுக் குளிர்விப்பான் ஆகிய மூன்றையும் காய்ச்சும் நாளில் மாற்றி மாற்றி இணைக்க எந்த விரைவு இணைப்பி ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். மெல்பர்னில் வீட்டிலேயே பியர் காய்ச்சி வரும் நான், அரை அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேம்லாக்கையே (இருபுறமும் உள்ள காதுகள் போன்ற நெம்புகளை மடக்கிப் பூட்டும் இணைப்பி) தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரியும் என்பதே அதற்கு முதற்காரணம். நான் முதலில் வாங்கியது, கழற்றியவுடன் தானே அடைத்துக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு கொண்ட பித்தளை இணைப்பி. ஒரு சொட்டும் சிந்தாதது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் தூளும் புரதக் கசடும் அந்த ஸ்பிரிங்குக்குப் பின்னால் படிந்துகொண்டே வந்ததை, 23 லிட்டர் பியர் புளித்துப் போய்க் கீழே கொட்டிய பிறகே கண்டுபிடித்தேன். கொதித்து ஆறிய வோர்ட் (நொதிக்கும் முன்னுள்ள மால்ட் சாறு) தொடும் ஒவ்வொரு பரப்பும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதால், உள்ளே தேய்த்துக் கழுவ முடியாத எதையும் குளிர்விப்பானுக்குப் பிறகு பொருத்தாதீர்கள்.

அடுத்தது உள்துளை. நாம் பயன்படுத்தும் காந்தப் பம்புகள் திரவத்தை நன்றாகத் தள்ளுமே தவிர, தாமாக உறிஞ்சத் தெரியாதவை. கொதிநிலைக்கு அருகிலுள்ள வோர்ட் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு குறுகலான இடத்தைக் கடக்கும்போது அழுத்தம் குறைந்து ஆவிக் குமிழிகள் உண்டாகி, பம்ப் வெறுமனே சுழலத் தொடங்கிவிடும். அரை அங்குலம் என்று விற்கப்படும் இணைப்பிகளிலும் குழாய் மாட்டும் முனையின் துளை அதைவிடக் குறுகலாக இருக்கக்கூடும் என்பதால், விற்பவரிடம் மில்லிமீட்டர் கணக்கில் கேட்டு வாங்குங்கள். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால், பம்பிலிருந்து வெளியேறும் பக்கத்து வால்வைத் திருகுங்கள், உள்வரும் பக்கத்தை அல்ல.

பலர் பணத்தை வீணாக்குவது மரையில், அதாவது திருகிச் சேர்க்கும் புரியில்தான். அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது என்.பி.டி மரை, ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் இந்தியாவிலும் குழாய்க் கடைகளில் கிடைப்பது பி.எஸ்.பி மரை. அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுகளே என்பதால் ஒன்றுக்குள் மற்றொன்று சில சுற்றுகள் ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55 பாகை. எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் அந்த இணைப்பை நம்ப முடியாது. உங்கள் கெட்டிலின் பந்து வால்வு (ball valve) எந்த வகை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே மற்றவற்றை வாங்குங்கள்.

கேம்லாக்கில் எழுத்துகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கெட்டில், பம்ப், குளிர்விப்பான் ஆகிய எல்லாவற்றிலும் ஆண் முனையையும் (உள்மரை உள்ள இடத்தில் எஃப் வகை, வெளிமரை உள்ள இடத்தில் ஏ வகை), எல்லாக் குழாய்களின் இரு நுனிகளிலும் சி வகைப் பெண் முனையையும் பொருத்திவிட்டால், எந்தக் குழாயும் எந்த இடத்திலும் சேரும். உட்புற வாஷர் கருப்பு நைட்ரைல் ரப்பராக இருந்தால், அதை எடுத்துவிட்டு உணவுத்தர சிலிகான் வாஷரைப் போடுங்கள்.

எஃகு முனை கையைச் சுடும் என்பது உண்மையான குறைதான். கையுறை இல்லாமல் அதன் காதுகளைத் தூக்காதீர்கள், வால்வை மூடாமல் ஒருபோதும் தூக்காதீர்கள். சூடு உங்களுக்குப் பெரிய கவலையென்றால், பாலிசல்ஃபோன் பிளாஸ்டிக் இணைப்பிகள் கொதிநீரைத் தாங்கும், கையையும் அவ்வளவு சுடாது, ஆனால் மரையை மிகையாக இறுக்கினால் விரிசல் விடும். மரையில்லாமல் வளையப் பிடியால் இறுக்கும் ட்ரை-கிளாம்ப் கழுவுவதற்கு இவை எல்லாவற்றிலும் சிறந்தது. விலையும் எடையும் கூடுதல் என்பதால் நான் அதை நொதிகலனோடு நிறுத்திக்கொண்டேன்.

எதை வாங்கினாலும், முதல் காய்ச்சலுக்கு முன் 90 டிகிரி வெந்நீரைப் பத்து நிமிடம் சுற்றவிட்டுப் பாருங்கள். குளிர்நீரில் ஒழுகாத இணைப்பு சூட்டில் ஒழுகுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.